தமிழ் நீளம் இல்லை, டப்பாதான் சின்னது



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கணினி வேலையில் இருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நடுவில் சில இடங்கள் புரியாமல் போகலாம், தாண்டிப் படித்தாலும் பரவாயில்லை. ஆனால் "தமிழ்ல போட்டா சிஸ்டம் எடுக்காதுங்க" என்று எந்த அலுவலகத்திலாவது யாராவது சொன்னால், அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் பொய். சொல்பவர் தெரிந்து சொல்லும் பொய் இல்லை, அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்தது.

போன மாதம் ஓர் இடத்தில் பணம் கட்டினேன். எந்த இடம் என்று எழுதப் போவதில்லை, கேட்காதீர்கள். ரசீது அச்சாகி வந்தது. ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "அமராவத" என்று இருந்தது, அதை அடுத்து கேள்விக்குறி போட்ட ஒரு கறுப்புக் கட்டம். நகரும் இல்லை, ஒன்றும் இல்லை. கவுண்டரில் இருந்த பையன் நல்ல பிள்ளை, கோபப்படவில்லை. "டீச்சர், தமிழ் ரொம்ப நீளமுங்க, சாப்ட்வேர் எடுக்காது. இங்கிலீஷ்ல மாத்திக்கலாமுங்களா?" என்றான்.

இங்கிலீஷில் நம் ஊர்ப் பெயரை எழுதினால் இடைவெளியோடு சேர்த்து 16 எழுத்து. தமிழில் அ, ம, ரா, வ, தி, ந, க, ர். எண்ணிப் பாருங்கள், 8 எழுத்து. இடைவெளியைச் சேர்த்தாலும் 9தான். இதில் எது நீளம்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். அந்தப் பையனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான், "தெரியலீங்க டீச்சர், எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்காங்க" என்றான்.

டீச்சர் டிரெய்னிங் முடித்து ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் காலம் தள்ளியவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று சிலர் நினைப்பீர்கள். என் தங்கச்சி பேரன் பாலிடெக்னிக் படிக்கிறான். முதல் வருஷ லீவில் சி மொழி ரெக்கார்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "அமுச்சி, இதை அப்படியே பார்த்து எழுதணும், நீங்க கையெழுத்து நல்லா எழுதுவீங்கல்ல" என்றான். எழுதித் தர மாட்டேன், என்னவென்று சொல்லிக் கொடு, நானும் கற்றுக்கொள்கிறேன் என்றேன். இப்போது மூன்று வருஷம் ஆகிறது. அவன் சி-யை விட்டுவிட்டான், நான் விடவில்லை. மத்தியான வெயிலில் அணைப் பக்கம் போக முடியாது, டிவி எனக்குப் பிடிக்காது. வேறென்ன செய்வது?

சி மொழி சொற்களை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதை வகுப்பறையில் வைத்துச் சொல்கிறேன். ஒரு பெஞ்சில் 20 பேர் உட்காரலாம். ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஓர் அட்டை. பெயர் முடிந்துவிட்டது என்று காட்ட, கடைசிப் பிள்ளை கையில் சுழியம் எழுதிய அட்டை. எண்ணுகிறவர் முதல் பிள்ளையிலிருந்து நடந்து, சுழியம் வரும் வரை எண்ணிக்கொண்டே போவார். பெஞ்சில் மொத்தம் எத்தனை இடம் என்று அவருக்குத் தெரியாது. எங்கேயும் எழுதியும் வைக்கவில்லை. சுழியம் பிடித்த பிள்ளைக்கு இடம் இல்லாமல் போனால் எண்ணுகிறவர் நிற்கவே மாட்டார். அடுத்த பெஞ்ச், அடுத்த வகுப்பு, ஹெட்மாஸ்டர் அறை என்று போய்க்கொண்டே இருப்பார்.

இது எண்ணுவதில் வரும் வம்பு. உட்கார வைப்பதில் வருவது இன்னும் மோசம். 20 பேர் பெஞ்சில் 35 பேரை அனுப்பினால் சி மொழி தடுக்காது. பக்கத்து பெஞ்சில் இருப்பவர்களைத் தள்ளிவிட்டு உட்கார வைக்கும். தள்ளப்பட்டவர் யார் என்பதைப் பொறுத்து விளைவு. ஒன்றுமே ஆகாமலும் போகலாம், புரோகிராம் அப்படியே நின்றுவிடலாம், வேண்டுமென்றே வந்து உட்கார்ந்தவர் வகுப்பையே தன் கைக்குக் கொண்டுவந்துவிடவும் செய்யலாம்.

கடைசியாகச் சொன்னது கற்பனை இல்லை. 1988 நவம்பர் 2ஆம் தேதி அமெரிக்காவில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் எழுதிவிட்ட ஒரு புரோகிராம் இன்டர்நெட்டில் பரவி, ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அது உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று, 'ஃபிங்கர்' என்ற சேவையை நடத்திய புரோகிராமில் இருந்த 'கெட்ஸ்' என்ற கட்டளை. அந்தப் பெஞ்சில் 512 இடம்தான் இருந்தது. மோரிஸ் அனுப்பியது 536. கூடுதலாக வந்த 24 போதுமானதாக இருந்தது. கெட்ஸ் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்கவே கேட்காது, கேட்கும் வசதியே அதில் இல்லை. அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த வழியே கிடையாது என்பதால், 2011இல் வந்த சி மொழித் தரத்திலிருந்து அதை அடியோடு எடுத்துவிட்டார்கள்.

எங்கள் பேரனின் ரெக்கார்டு நோட்டில் முதல் ஸ்ட்ரிங் புரோகிராமே கெட்ஸ்தான். எடுத்து இத்தனை வருஷம் ஆனதைப் பிள்ளைகள் இன்னும் சிவப்பு மார்ஜின் போட்டு, அழகாக எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவன் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் நோட்டும் பார்த்தேன், வேறு வேறு கல்லூரி. எல்லாவற்றிலும் அதே கெட்ஸ், அதே 'வாய்டு மெயின்', அதே 'கிளியர் ஸ்கிரீன்', கடைசி வரியில் அதே 'கெட்ச்'.

நம் பக்கத்துக் கல்லூரிகளில் டர்போ சி என்ற பழைய கம்பைலர் எவ்வளவு காலம் ஓடியது என்பது உங்களுக்கே தெரியும். போர்லாண்ட் நிறுவனம் டாஸ் காலத்துக்காகச் செய்தது, 1990களின் தொடக்கத்துச் சரக்கு. புது கணினியில் அது நேராக ஓடாது என்பதால் டாஸ்பாக்ஸ் போட்டு அதற்குள் ஓட்டுகிறார்கள். செத்துப்போன மாட்டுக்கு லாடம் அடிக்கிற வேலை. கிளியர் ஸ்கிரீனும் கெட்ச்சும் சி மொழியின் பொதுச் சொத்து இல்லை, அந்தக் கம்பைலரின் சொந்தச் சரக்கு. லினக்ஸ் கணினியில் அந்தப் புரோகிராமைக் கொண்டுபோய் வைத்தால் தலைப்புக் கோப்பே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும். கோமரலிங்கத்தில் கற்றுக்கொண்ட வழி உடுமலைக்கு உதவவில்லை என்றால் அது என்ன வழி?

சரி, தமிழுக்கு வருகிறேன்.

1992 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில், கென் தாம்சனும் ராப் பைக்கும் ராச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். யூனிக்ஸ் செய்தவர்களில் தாம்சன் ஒருவர். தட்டுக்குக் கீழே விரிக்கும் காகிதத்தில் தாம்சன் ஒரு கணக்குப் போட்டார். அதுதான் யூடிஎஃப்-8. இன்று நீங்கள் இந்தப் பதிவைத் தமிழில் படிப்பது அந்தக் கணக்கால்தான். உலகத்து எழுத்தெல்லாவற்றுக்கும் எண் கொடுத்தது யூனிகோடு. அந்த எண்ணைக் கணினியில் எப்படி அடுக்குவது என்பதுதான் இவர்கள் போட்ட கணக்கு. ஆங்கில எழுத்து பழையபடி ஒரு பைட். கிரேக்கம், அரபிக்கு இரண்டு. தமிழ் உட்பட நம் நாட்டு எழுத்துகளுக்கு மூன்று. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அனுப்பும் சிரிப்பு பொம்மைகளுக்கு நான்கு.

அதில் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். தமிழ் எழுத்தின் மூன்று பைட்டில் எதிலும் சுழியம் வராது. அதனால் சுழியத்தைப் பார்த்து நிற்கும் பழைய சி கட்டளைகள் எல்லாம் தமிழுக்கும் அப்படியே ஓடும். ஒரு மாற்றமும் வேண்டாம். ஆக, சி மொழிக்குத் தமிழ் வராது என்பது முதல் பொய்.

இப்போது கணக்கு. 'தமிழ்' என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடு 'மி' என்பதை ம, இகரக் குறி என்று இரண்டாகவும், 'ழ்' என்பதை ழ, புள்ளி என்று இரண்டாகவும் வைத்திருக்கிறது. ஆக ஐந்து குறி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்றால் 15. கடைசிச் சுழியத்துக்கு ஒன்று, மொத்தம் 16 இடம். நீளத்தை அளக்கும் 'ஸ்டிரென்' கட்டளை 15 என்று சொல்லும். அது எழுத்தை எண்ணவில்லை, பைட்டை எண்ணுகிறது. பைத்தான் மொழியில் கேட்டால் 5 என்று சொல்லும். மூன்று என்ற பதில் வேண்டுமானால் நாம்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். மூன்று விடையும் சரிதான், கேள்விதான் வேறு வேறு. எழுத்துப் பிழை பார்க்கிறவருக்கு 3 வேண்டும், டப்பா செய்கிறவருக்கு 16 வேண்டும்.

'அமராவதி நகர்' என்பதற்குப் போடுங்கள். அமராவதிக்கு 7 குறி, நகருக்கு 4. 11 மூன்று 33, இடைவெளிக்கு ஒன்று, 34. சுழியத்தோடு 35. அந்த ரசீது சாப்ட்வேரில் ஊர்ப் பெயருக்கு 20 பைட் டப்பா வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். சுழியம் போக 19. அ, ம, ர, கால், வ, த என்று ஆறு குறிக்கு 18 பைட் போய்விட்டது. மிச்சம் இருந்த ஓர் இடத்தில் அடுத்த இகரக் குறியின் முதல் பைட் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு எழுத்தை எந்த எழுத்துருவும் காட்ட முடியாது, அதனால் கேள்விக்குறிக் கட்டம். ரசீதில் இருந்தது இம்மி பிசகாமல் இதுதான். வீட்டுக்கு வந்து நோட்டில் போட்டுப் பார்த்தபோது கணக்கு அப்படியே பொருந்தியது, ரசீது மேல் இருந்த கோபம் கூட கொஞ்சம் குறைந்தது.

இங்கிலீஷுக்கு 16 போதும், 20 வைத்தால் தாராளம் என்று யாரோ ஒருவர் ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்தார். அவ்வளவுதான் நடந்தது. தமிழின் மேல் குற்றம் இல்லை, கணினியின் மேலும் இல்லை.

இன்னொரு வழியிலும் இது நடக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக் காலத்தில் ஓர் உருவுக்கு ஒரு பைட். நம் ஊர்ப் பெயர் 12 இடத்துக்குள் அடங்கிவிடும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு வந்த டாம், டாப் குறியீடுகளும் அதே ஒற்றை பைட் வகைதான். 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நல்ல முடிவு. அதற்குப் பின் எழுத்தை மாற்றினார்கள். டப்பாவை மாற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்காது. ஒரு படி அளக்கிற பாத்திரத்தில் ஒரு வள்ளம் கொட்டினால் சிந்தத்தான் செய்யும்.

"டீச்சர், யூனிகோடில் தமிழுக்கு அநியாயம் நடந்துவிட்டது, எழுத்துக்கு ஓர் எண் என்று கொடுத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை" என்று தமிழ்ப் பற்றுள்ள என் பழைய மாணவர்கள் இருவர் சொல்வார்கள். அந்த நினைப்பில்தான் டேஸ்-16 என்ற குறியீட்டையும் அதே 2010இல் அரசு மாற்று ஏற்பாடாக அறிவித்தது. 'மி' என்றால் ஓர் எண், 'ழ்' என்றால் ஓர் எண். எனக்கும் அது அழகாகத்தான் தெரிகிறது. ஆனால் அதையும் யூடிஎஃப்-8இல் அடுக்கினால் ஓர் எழுத்துக்கு மூன்று பைட்தான். நம் ஊர்ப் பெயரின் 8 எழுத்துக்கு 24, இடைவெளிக்கு 1, மொத்தம் 25. 20 டப்பாவில் அதுவும் அடங்காது. டப்பாவை அளக்காதவனுக்கு எந்தக் குறியீடும் உதவாது.

"இப்போதெல்லாம் யாருங்க டீச்சர் சி எழுதறாங்க, எல்லாம் பைத்தான், ஜாவா" என்று இன்னொரு கூட்டம். பைத்தானே சி-யில் எழுதப்பட்டதுதான் கண்ணு. டேட்டாபேஸ்களிலும் இதே கதை இருக்கிறது. ஆரக்கிளில் 20 என்று அகலம் கொடுத்தால், நீங்கள் வேறு மாதிரி கேட்காத வரை அது 20 பைட். பில் அடிக்கிற சின்ன மெஷின், லேபிள் அச்சடிக்கிற மெஷின், கை விரல் வைக்கிற மெஷின் இவற்றுக்குள்ளும் பெரும்பாலும் சி-யோ அதன் தம்பியோதான் உட்கார்ந்திருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் எத்தனை பேர் தினமும் அந்த மெஷின்களைத் தொடுகிறீர்கள்! சம்பளச் சீட்டில் பெயர் பாதியாக வந்தால், பேங்கில் இருக்கிற பெயரோடு ஒத்துப்போகாமல் அலைவது மெஷின் இல்லை, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மோடு வேலை செய்கிறவர்கள். அவர்கள் எழுத்தும் மூன்று பைட்தான்.

குறுஞ்செய்தியைப் பாருங்கள். ஒரு செய்திக்கு 140 பைட். ஆங்கில எழுத்தை ஏழு பிட்டில் நெருக்கி அடுக்கினால் 160 எழுத்து. தமிழை அங்கே குறிக்கு இரண்டு பைட்டாக அனுப்புவதால் 70 குறி. 71 ஆனால் இரண்டு செய்திக் கணக்கு, இரண்டு மடங்குக் காசு. பல இடங்களிலிருந்து நமக்கு வரும் செய்திகள் இங்கிலீஷிலேயே வருவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இது வேறு கணக்கு, சி மொழி மேல் இந்தப் பழியைப் போட முடியாது.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். வேலையில் இருப்பவர்களுக்கு இனிமேல்.

கெட்ஸை விடுங்கள், எஃப்கெட்ஸுக்கு வாருங்கள். அது இடம் எவ்வளவு என்று கேட்கும். வரி முடிவுக் குறியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும், அதை நீக்க வேண்டும். வரி நீளமாக இருந்தால் மீதி அடுத்த கேள்விக்குப் பதிலாக வந்து விழும், அதையும் பார்க்க வேண்டும். இரண்டையும் எந்த ரெக்கார்டு நோட்டிலும் நான் பார்க்கவில்லை.

'ஸ்டிர்காப்பி' ஆபத்து, 'ஸ்டிர்என்காப்பி' பாதுகாப்பு என்று ஒரு பழமொழி கல்லூரிகளில் ஓடுகிறது. அரைகுறை உண்மை. ஸ்டிர்என்காப்பி பழைய யூனிக்ஸில் கோப்புப் பெயர்களை 14 பைட் கட்டத்தில் அடைப்பதற்காக வந்தது. கட்டம் முழுக்க நிரம்பிவிட்டால் கடைசியில் சுழியம் போடாது. சுழியம் பிடித்த பிள்ளையை வெளியே நிற்க வைத்துவிட்டு மற்றவர்களை உட்கார வைத்தால் எண்ணுகிறவர் என்ன ஆவார் என்று மேலே சொன்னேன் அல்லவா?

மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் 'எஸ்' என்று முடிகிற பாதுகாப்புக் கட்டளைகள் இருக்கின்றன. 2011 தரத்தில் விருப்பப் பகுதியாகச் சேர்த்தார்கள், மற்றவர்கள் பெரும்பாலும் சீண்டவில்லை. ஓபன்பிஎஸ்டி காரர்கள் 1998இல் 'ஸ்டிர்எல்காப்பி' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். நல்ல கட்டளை, ஆனால் லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தில் அதைச் சேர்க்க 2023 வரை சண்டை போட்டார்கள். கால் நூற்றாண்டு! சொத்துப் பிரிக்கிற பங்காளிகள் தோற்றார்கள். எனவே எல்லா இடத்திலும் ஓட வேண்டும் என்றால் என் ஓட்டு 'எஸ்என்பிரின்ட்எஃப்' கட்டளைக்கு. 1999 தரத்திலேயே இருக்கிறது. டப்பாவின் அளவைக் கேட்கும், கடைசியில் சுழியம் போடும், எல்லாவற்றையும் விட முக்கியம், மொத்தம் எவ்வளவு இடம் தேவைப்பட்டது என்று திருப்பிச் சொல்லும். நம் ஊர்ப் பெயரைக் கொடுத்தால் 34 என்று சொல்லும். உங்கள் டப்பா 20. 34 பெரியது. பிறகு என்ன செய்வது என்பதுதான் கேள்வி, அதில்தான் நான் பிடிவாதம் பிடிக்கிறேன்.

வெட்டாதீர்கள். ஒருவருடைய பெயரை வெட்டுவதற்கு உங்களுக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. இடம் போதவில்லை என்று திரையில் எழுதி நிறுத்துங்கள், அல்லது பெரிய டப்பாவைக் கேட்டு வாங்குங்கள். அச்சில் இடம் இல்லாமல் வெட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், எழுத்து முடிகிற இடத்தில் வெட்டுங்கள். யூடிஎஃப்-8இல் அது சுலபம். நடுவில் வருகிற பைட் எல்லாம் இருமத்தில் '10' என்று தொடங்கும், அப்படித் தொடங்காத பைட் வரும் வரை பின்னால் வந்தால் ஒரு குறியின் தொடக்கம். ஆனால் தமிழுக்கு அதோடு போதாது. அந்தக் குறி புள்ளியாகவோ உயிர்மெய்க் குறியாகவோ இருந்தால், இன்னும் பின்னால் வந்து மெய்யோடு சேர்த்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 'தமிழ்' என்பது 'தமிழ' ஆகும், 'தி' என்பது 'த' ஆகும். ஆங்கிலத்தில் ஓரெழுத்து குறைந்தால் பெயர் குறைப்பெயராகத் தெரியும். தமிழில் அது வேறு பெயராகவே ஆகிவிடும், யாருக்கும் சந்தேகமும் வராது.

எழுத்தைச் சோதிக்கும் கட்டளைகளிலும் ஒரு குழி இருக்கிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றின் முதல் பைட் 224. இன்டெல் வகைக் கணினிகளில் 'கார்' என்பது பெரும்பாலும் கூட்டல் கழித்தல் உள்ள எண், அங்கே 224 என்பது கழித்தல் 32 ஆகிவிடும். கழித்தல் எண்ணை 'இஸ்ஆல்ஃபா'வுக்குக் கொடுக்கக் கூடாது, என்ன நடக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஏஆர்எம் சில்லு லினக்ஸில் அதே புரோகிராம் 224 என்றே எடுத்துக்கொண்டு ஒழுங்காக ஓடும். ஒரு கணினியில் ஓடியது, மற்றதில் விழுந்தது, "தமிழ் போட்டா ஹேங் ஆகுது" என்று பேச்சு. 'அன்சைன்ட் கார்' என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. பெரிய நிறுவனங்களுக்கும் நம் எழுத்தில் தலைவலி வரத்தான் செய்கிறது. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்கு கூட்டெழுத்து வந்தால் ஆப்பிள் போனில் செயலிகள் நின்றுபோயின, அந்த மாதமே திருத்தம் விட்டார்கள். அவர்கள் யாரும் "தெலுங்கில் அனுப்பாதீர்கள்" என்று சொல்லவில்லை. நமக்கு அந்த ரோஷம் வேண்டாமா?

கொழுமம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. உங்கள் ஊரின் 'கொ' யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியாக ஒரே குறி, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைட்டை ஒப்பிடும் 'ஸ்டிர்கம்ப்' கட்டளைக்கு இரண்டும் வேறு ஊர். தேடினால் கிடைக்காது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர யூனிகோடிலேயே வழி சொல்லியிருக்கிறார்கள், அதைச் செய்ய வேண்டும்.

வருகைப் பதிவேடு எழுதி எழுதிப் பழகிய கைக்கு இன்னொரு எரிச்சல், அகர வரிசை. யூனிகோடு அடுக்கில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, அப்புறம் ல, ள, ழ, வ. ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில். புள்ளி எல்லா உயிர்க்குறிக்கும் பின்னால். ஸ்டிர்கம்ப் கொண்டு பெயர்களை வரிசைப்படுத்தினால் அந்த வரிசை வரும், நம் அரிச்சுவடி வரிசை வராது. 'ஸ்டிர்கால்' என்று மொழி அறிந்து ஒப்பிடும் கட்டளை தரத்திலேயே இருக்கிறது, மொழி அமைப்பைத் தமிழ் என்று வைத்துவிட்டுக் கூப்பிட வேண்டும். கணினி தந்த வரிசையை அப்படியே ஒட்டிவிட்டு, "இதுதாங்க டீச்சர் இப்போ ஆர்டர்" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு.

சிங்கப்பூரில் ஆசிரியர்களுக்குப் பாடம் சொன்ன நா. கோவிந்தசாமி, 1990களின் நடுவிலேயே இணையத்தில் தமிழைக் கொண்டுவர உழைத்தவர். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு செய்தார். அவர்களுக்கு யூனிகோடு ஏற்பாடும் கையில் இல்லை, இத்தனை நூலகங்களும் இல்லை. எல்லாம் கையில் இருக்கிற நாம் 20 என்று எழுதிவிட்டு, கவுண்டரில் இருக்கிற பையனைப் பதில் சொல்ல விடுகிறோம்.

இதை எழுதும்போது மூன்று பேர் முகம் எனக்கு முன்னால் நிற்கிறது. பெயர் போடவில்லை, உங்களுக்கே தெரியும். பாலிடெக்னிக்கிலும் கலைக் கல்லூரியிலும் சி பாடம் நடத்துகிறீர்கள். லேப் மேனுவல் மாற்ற போர்டு ஒத்துக்கொள்ளாது என்பீர்கள். மேனுவலை மாற்ற வேண்டாம். ஸ்ட்ரிங் பயிற்சி அன்று பிள்ளைகளிடம் அவரவர் பெயரையும் ஊரையும் தமிழில் உள்ளே கொடுக்கச் சொல்லுங்கள், டாஸ்பாக்ஸில் வேண்டாம், லினக்ஸில். 20 டப்பாவில் கெட்ஸ் வைத்து எங்கள் பேரன் 'அமராவதி நகர்' என்று கொடுத்தபோது, அடுக்கு நொறுங்கிவிட்டது என்று சொல்லிப் புரோகிராம் நின்றது. "அமுச்சி, நம்ம ஊர் பேருக்கே இப்படியா!" என்றான். அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு வரி கூட நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சாப்ட்வேர் வாங்குகிற இடத்தில் இருப்பவர்கள், விற்க வருகிறவரிடம் நான்கு பெயரைக் கொடுத்து அச்சடித்துக் காட்டச் சொல்லுங்கள். அமராவதி நகர், கொழுமம், உடுமலைப்பேட்டை, ஔவையார். உடுமலைப்பேட்டைக்கு 14 குறி, 42 பைட். ஔவையாருக்கு முதல் எழுத்து ஔ என்ற ஒரே குறியாக இருக்கிறதா, யாராவது ஒ-வும் ள-வும் போட்டு ஏமாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அந்த மூன்று பேரும் இந்தச் செமஸ்டருக்குள் செய்ய முடியுமா முடியாதா என்று கீழே எழுதுங்கள். துறைத் தலைவர் மறுத்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள். உடுமலை என்றால் காலை பஸ்ஸிலேயே வந்துவிடுவேன், நோட்டும் கையில் இருக்கும்.